மீட்டர் எங்கே இருக்கிறது?

2017 மார்ச். லண்டன் ஹரோவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், நடைபாதையில் குந்தியிருந்து, சாம்பார் அகப்பையால் ஒரு குழிக்குள்ளிருந்து தண்ணீர் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். குழி ஓர் அடி அகலம்கூட இல்லை. மேலே இரும்பு மூடி. அதற்குக் கீழே, குளிரில் உறையாமல் இருக்க ஒரு ரெஜிபோம் தட்டு (தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்பார்கள்). அதற்கும் கீழே சேற்றுத் தண்ணீர். அதற்குள் எங்கோ மீட்டர்.

கடைக்கார அண்ணை என் தலைக்கு மேல் குடை பிடித்தபடி நின்றார்.

"தம்பி, கணக்குப் பார்க்கிற ஆளுக்கு இது என்ன வேலை?"

"ஏப்ரல் ஒண்டிலையிருந்து தண்ணிக்கும் ஆள் மாத்தலாம் அண்ணை. மாத்த முன்னம் என்ன இருக்கெண்டு பார்க்க வேண்டாமே?"

அந்த மூடியைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போயிருந்தது. 12 வருடமாக அங்கே கடை நடத்துகிறவர். தண்ணீர் மீட்டர் எங்கே என்று கேட்டதற்குக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய் காஸ் மீட்டரைக் காட்டினார். கடைசியில் வாசலில் அடுக்கியிருந்த மரக்கறிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். பூசணிக்காய்ப் பெட்டிக்குக் கீழே கிடந்தது மூடி. மீட்டர் வாசிக்க வந்தவர்கள் எத்தனை தடவை பூசணிக்காயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ.

தண்ணீரை இறைத்து, கண்ணாடியை அண்ணையின் ஏப்ரனால் துடைத்ததும் எண்கள் தெரிந்தன. கறுப்பு எண்கள் கனமீட்டர், சிவப்பு எண்கள் அதற்குக் கீழே வரும் லிட்டர்க் கணக்கு. கறுப்பில் 2463 இருந்தது. என் சட்டைப்பையில் இருந்த பில்லில் 2140 என்று இருந்தது; பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'மதிப்பீடு' என்றும்.

"முன்னூத்திச் சொச்சம் தானே வித்தியாசம்?" என்றார் அண்ணை.

"முன்னூத்திச் சொச்சம் கனமீட்டர் அண்ணை. மூண்டு லட்சத்து இருபத்து மூவாயிரம் லிட்டர். இன்னும் பில் வரேல்லை, அவ்வளவுதான்."

குடை கொஞ்சம் சரிந்தது. என் முதுகு நனைந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்ணீர்ச் சேவை 1989இல் தனியார் கைக்குப் போனது. ஆனால் அதோடு போட்டி வந்துவிடவில்லை. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கம்பனி. நீங்கள் எந்தத் தெருவில் கடை போட்டீர்களோ, அந்தத் தெருவின் கம்பனிதான் உங்களுக்குத் தண்ணீரும் தந்தது, பில்லும் தந்தது. மின்சாரத்துக்கும் காஸுக்கும் ஆள் மாற்றிப் பழகிய கடைக்காரர்களுக்குத் தண்ணீரில் மட்டும் அந்தப் பேச்சே இருக்கவில்லை. பின்னாளில் இங்கிலாந்தில் வருடத்துக்கு 50 லட்சம் லிட்டருக்கு மேல் பாவிக்கும் பெரிய இடங்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. ஸ்கொட்லாந்துதான் முந்திக்கொண்டது. அங்கே தண்ணீர் இன்றைக்கும் அரசுடைமை. ஆனாலும் 2008 ஏப்ரலிலேயே தொழில் நிறுவனங்கள் தங்கள் விற்பனையாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சில வருடங்களில் அந்நாட்டுப் பொதுத்துறையின் தண்ணீர் ஒப்பந்தமே உள்ளூர் விற்பனையாளரான பிஸினஸ் ஸ்ட்ரீமிடமிருந்து கிழக்கு இங்கிலாந்தின் ஆங்கிலியன் வாட்டர் பிஸினஸ் கைக்கு மாறியது.

அதைப் பார்த்து 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2017 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கிலாந்தும் சந்தையைத் திறந்தது. கடை, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில் என்று வீடு அல்லாத ஏறக்குறைய 12 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு அந்த உரிமை வந்தது. வீடுகளுக்கு இல்லை. வேல்ஸில் வருடத்துக்கு 5 கோடி லிட்டர் பாவித்தால்தான் உண்டு. கடைக்கு மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே மீட்டர் என்றால், அந்த இடத்தின் முக்கியப் பாவனை எது என்று பார்ப்பார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கடைக்கு மேலேதான் குடியிருக்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன நாட்கள் அநேகம்.

அதைவிட அதிகம் பதில் சொன்ன கேள்வி இன்னொன்று. "ஆளை மாத்தினா வேறை தண்ணி வருமோ?"

வராது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எங்கள் பக்கத்தில் காணி உறுதியிலேயே 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும்' என்று எழுதியிருக்கும். கிணறு ஒன்றுதான், வாய்க்காலும் ஒன்றுதான். யாருக்கு எப்போது இறைப்பு முறை என்பதுதான் பேச்சு. இங்கிலாந்தில் அந்தக் கிணற்றையும் வாய்க்காலையும் வைத்திருப்பது அந்தப் பகுதியின் மொத்த விற்பனை நிறுவனம்; சுருக்கமாக, மொத்த நிறுவனம். குழாய், நீர்த்தேக்கம், சுத்திகரிப்பு, சாக்கடை எல்லாம் அதன் பொறுப்பு. அந்தப் பகுதியில் அதை மாற்ற வழியில்லை. 2017இல் பிரித்துச் சந்தைக்கு விட்டது மீட்டர் வாசிப்பது, பில் போடுவது, முறைப்பாடு கேட்பது ஆகிய வேலைகளை மட்டும். அவற்றைச் செய்பவர்தான் விற்பனையாளர். உங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர் மாறுவார், கிணறு மாறாது.

விலையும் அதே கதைதான். மொத்த நிறுவனம் எந்த விற்பனையாளருக்கும் ஒரே விலையில்தான் கொடுக்க வேண்டும். அந்த விலை ஓஃப்வாட் என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பில் உள்ளது. உங்கள் பில்லில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அந்த மொத்த விலை. அண்ணையின் பில் வருடத்துக்கு 2000 பவுண் என்று வையுங்கள். 1800 பவுண் விற்பனையாளர் கைக்கு வந்த வேகத்திலேயே மொத்த நிறுவனத்துக்குப் போய்விடும். மிச்சம் 200. அதற்குள்தான் அவருடைய சம்பளம், கணினி, தபால், லாபம் எல்லாம். அந்த 200இல் உங்களுக்கு எவ்வளவு விட்டுத் தருவார்? 40 தந்தால் கைகுலுக்கலாம். "தண்ணீர்ப் பில்லில் பாதியைக் குறைத்துத் தருகிறோம்" என்று போனில் ஒருவர் சொன்னால், அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இதை எழுதுகிற எனக்கே அது 2018இல் தெரியாமல் போனது. போனில் ஒரு தரகர், இனிமையான குரல். என் இன்னொரு வாடிக்கையாளருக்காக விலை விசாரித்துத் தருவதாகச் சொன்னார். அதற்கு ஓர் அதிகாரக் கடிதம் மட்டும் வேண்டுமாம். வருமான வரிக் காலம், மேசை நிறையக் கோப்புகள். வாசிக்காமல் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அந்தக் கடிதம் விலை விசாரிக்க மட்டுமல்ல, வாடிக்கையாளர் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் அதிகாரம் கொடுத்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. தரகரின் கமிஷன் அந்த விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு தொழில்களுக்கு மனம் மாற 7 நாள் அவகாசம் உண்டு. ஒப்பந்தம் வந்த உறையை நான் பிரித்தது ஒன்பதாம் நாள். அந்த வாடிக்கையாளர் இன்றும் என்னிடம்தான் வருகிறார். ஆனால் எதையாவது கையெழுத்துக்கு நீட்டினால், மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாசிக்கிறார்.

ஹரோ கடைக்கு வருவோம். அங்கே ஒரு சிக்கல் கூடுதல். குழாயில் உள்ளே வருவது அஃபினிட்டி வாட்டரின் தண்ணீர். சாக்கடையில் வெளியே போவது தேம்ஸ் வாட்டரின் பொறுப்பு. ஒரு கடைக்கு இரண்டு மொத்த நிறுவனங்கள். அதனால் சந்தைக் கணினியில் அந்தக் கடைக்கு இரண்டு அடையாள எண்கள். ஸ்பிட் என்பார்கள். எண்ணுக்கு நடுவில் டபிள்யூ இருந்தால் தண்ணீர், எஸ் இருந்தால் கழிவுநீர். இரண்டையும் வெவ்வேறு விற்பனையாளரிடமும் விடலாம். இரண்டு பில், இரண்டு போன் நம்பர், இரண்டு தலையிடி. ஒரே ஆளிடம் விடுவதுதான் என் வழக்கம்.

அந்த ஸ்பிட்டோடு உங்கள் விலாசம், மீட்டரின் தொடர் எண், அது இருக்கும் இடம், கடைசி வாசிப்பு எல்லாம் எம்.ஓ.எஸ்.எல். என்ற சந்தை நிர்வாக அமைப்பின் கணினியில் பதிவாகியிருக்கும். பதிவு சரியாக இருந்தால் நல்லது. ஆனால் பழைய கம்பனிகளின் ஏடுகளிலிருந்து அள்ளிக் கொட்டிய விவரங்கள் அவை. விவரங்களின் தரம் போதாது என்பதையும், மொத்த நிறுவனத்துக்கும் விற்பனையாளருக்கும் நடுவே வேலை இழுபடுகிறது என்பதையும் ஓஃப்வாட்டே சந்தை பற்றிய தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. மூடிய கடை திறந்ததாகவும், திறந்த கடை மூடியதாகவும், மீட்டர் வேறு தெருவிலும் இருந்த கதைகள் கணக்காளர்களிடம் நிறைய உண்டு. அப்படியான பதிவோடு ஆள் மாறினால் பழைய பிழை புதிய பில்லிலும் கூடவே வரும்.

அதனால்தான் அகப்பையோடு குந்தினேன். மீட்டரின் தொடர் எண்ணைப் படம் எடுத்துப் பில்லோடு ஒப்பிட்டேன். நல்ல காலம், பொருந்தியது. பிறகு அண்ணையிடம் ஒன்று சொன்னேன்.

"இண்டைக்கு இரவு கடை பூட்டேக்கை சிவப்பு நம்பரையும் சேர்த்து எழுதுங்கோ. காலமை ஆரும் பைப் திறக்க முன்னம் திரும்ப எழுதுங்கோ."

இரவு பதினொன்றரைக்கு ஒரு படம், காலை ஏழரைக்கு ஒரு படம் எனக்கு வந்தன. ஆளில்லாத கடையில் எட்டு மணி நேரத்தில் 120 லிட்டர் ஓடியிருந்தது. மணிக்கு 15, நாளுக்கு 360. வருடத்துக்கு 131 கனமீட்டர். வாடிக்கையாளர் கழிப்பறையில் தொட்டித் தண்ணீர் கோப்பைக்குள் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கே தெரியாது, காகிதத் துண்டு ஒன்றைப் பின் பக்கம் ஒட்டிப் பார்த்தபோதுதான் நனைந்தது. ஒழுகும் கழிப்பறை ஒன்று நாளுக்கு 200 முதல் 400 லிட்டர் வரை தின்னும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. வால்வை மாற்றப் பிளம்பருக்குக் கொடுத்த காசு அடுத்த பில்லிலேயே திரும்பி வந்தது. எந்த விற்பனையாளரும் தராத தள்ளுபடி அது.

சரி, அப்படியானால் விற்பனையாளரைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமே இல்லையா? உண்டு. அதை எனக்குப் புரியவைத்தவர் மேற்கு லண்டனில் தோசை மா அரைத்துப் பெட்டியில் போட்டு விற்கும் ஒரு தம்பி.

கழிவுநீர்க் கட்டணத்துக்குத் தனி மீட்டர் கிடையாது. உள்ளே வந்த தண்ணீரில் மிகப் பெரும் பங்கு, பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல், சாக்கடைக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். கடைக்கும் அலுவலகத்துக்கும் அது சரி. ஆனால் தம்பியின் தண்ணீர் மாவோடு சேர்ந்து வேனில் ஏறி வெம்பிளிக்கும் லெஸ்டருக்கும் போகிறது. சாக்கடையைக் காணாத தண்ணீருக்குச் சாக்கடைக் கட்டணம். நான் சொன்னதும் தம்பி தராசை எடுத்துவந்தார். ஒரு கிலோ அரிசியும் உளுந்தும் சேர்த்து ஊறப்போட்டார். ஊறிய தண்ணீரை வடித்துத் தனியாக அளந்தார். அது சாக்கடைக்குப் போவது. அரைத்து முடிந்ததும் மா இரண்டரைக் கிலோ. "அப்ப ஒண்டரைக் கிலோ தண்ணி பெட்டிக்குள்ளை போகுது அண்ணை," என்றார், ஏதோ களவைக் கையும் மெய்யுமாகப் பிடித்தவர் மாதிரி. வாரத்துக்கு மூன்று டன் மா விற்கிறார். அதில் 1800 லிட்டர் தண்ணீர். வருடத்துக்கு 94 கனமீட்டர். அவருடைய மொத்தப் பாவனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

இதைக் காட்டிக் கட்டணக் கழிவு கேட்கலாம். முடிவு சொல்வது மொத்த நிறுவனம். ஆனால் நீங்கள் நேராக அங்கே போய் நிற்க முடியாது. உங்கள் விண்ணப்பம் விற்பனையாளர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கேதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிந்தது. முதலில் இருந்தவர்கள் எங்கள் விண்ணப்பத்தை எந்தப் பெட்டிக்குள் போட்டார்கள் என்று தெரியவில்லை. நான்கு மாதத்தில் மூன்று தடவை அதே படிவத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு சின்ன விற்பனையாளரிடம் மாறினோம். விலை இரண்டு பேரிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கே போன் எடுத்த பெண் 'உற்பத்திப் பொருளில் போகும் நீர்' என்று சொன்னதுமே விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். அரிசி ஊறின கதையையும் ரசித்துக் கேட்டாள். ஆறு வாரத்தில் கட்டணக் கழிவு கிடைத்தது.

ஊரில் கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) ஒரு பேப்பர் போக வேண்டுமென்றால், அதைச் சரியான மேசைக்குக் கொண்டுபோகத் தெரிந்த ஆளைத் தேடுவோமே, அந்த மாதிரி. விற்பனையாளரை நான் இப்போது அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். அவர் தண்ணீர் விற்கவில்லை. என் கோப்பைச் சுமந்துகொண்டு போகிறார்.

மழைநீருக்கும் ஒரு கட்டணம் இருப்பது பலருக்குத் தெரியாது. கூரையிலும் வாகனத் தரிப்பிடத்திலும் விழும் மழை சாக்கடைக்குப் போவதற்கான கட்டணம் அது. சில பகுதிகளில் காணியின் பரப்பைக் கொண்டு அதை அளக்கிறார்கள். வடமேற்கு இங்கிலாந்தில் யுனைட்டட் யுடிலிட்டீஸ் அப்படி மாற்றியபோது தேவாலயங்களும் சாரணர் மண்டபங்களும் கூக்குரல் எழுப்பின. அதன் விளைவாக, சமூக அமைப்புகளுக்குச் சலுகை கொடுக்கும் ஏற்பாடு 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இடம்பெற்றது. பெரிய கார் பார்க் வைத்திருக்கும் கோயில் நிர்வாகிகள் இந்தப் பந்தியை இரண்டாம் தரம் வாசிக்கலாம். கூரைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் நிலத்துக்குள் இறங்குகிறது என்று காட்ட முடிந்தால், கட்டணத்தையே எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம்.

லாண்டரி வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களுடைய கழிவு தொழிற்கழிவு. அதைச் சாக்கடைக்குள் விட அனுமதி வேண்டும், கட்டணம் மொக்டன் சூத்திரத்தில் வரும். மேற்கு லண்டனில் டுவிக்கன்ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கும் மொக்டன் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர்தான் அதற்கு. எவ்வளவு விடுகிறீர்கள், அதில் அழுக்கு எவ்வளவு கெட்டி, அடியில் படியும் திண்மம் எவ்வளவு என்று மூன்றையும் பார்ப்பார்கள். கெட்டி குறைந்தால் காசு குறையும். சோப்பை அள்ளிக் கொட்டுகிறவர் இரண்டு தரம் காசு கொடுக்கிறார்.

இந்தச் சந்தையால் உண்மையாகவே நன்மை பெற்றவர்கள் பெரிய ஆட்கள்தான் என்பது என் எண்ணம். நாடு முழுக்கக் கிளை வைத்திருப்பவருக்கு முன்பு பகுதிக்கொரு கம்பனி, பகுதிக்கொரு பில். இப்போது எல்லாம் ஒரே பில்லில். கிரீன் கிங் என்ற மதுக்கடைக் கம்பனி இன்னும் ஒரு படி மேலே போய், தனக்குத் தானே விற்பனையாளராக 2017இலேயே உரிமம் வாங்கிக்கொண்டது. விடுதிகள் நடத்தும் விட்பிரெட்டும் அப்படிச் செய்தது. மறுபக்கம் பழைய கம்பனிகளும் சும்மா இருக்கவில்லை. யுனைட்டட் யுடிலிட்டீஸும் செவர்ன் டிரெண்டும் கூடி வாட்டர் பிளஸ் தொடங்கின. ஆங்கிலியனும் நோர்தம்பிரியனும் கூடி வேவ். பெயர்ப்பலகைகள் புதிது, பின்னால் நிற்பவர்கள் தெரிந்த முகங்கள். எங்கள் தோசைக் கடைகளில் பலர் ஆளை மாற்றவே இல்லை. பில் தலைப்பில் வேறு பெயர் வந்ததைக்கூடச் சிலர் கவனிக்கவில்லை.

மாற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் விலையைக் கடைசியில்தான் எடுப்பேன். மீட்டரை வருடத்தில் எத்தனை தடவை நேரில் வந்து வாசிப்பீர்கள், நாங்களே படம் எடுத்து அனுப்பினால் ஏற்பீர்களா என்று முதலில் விற்பனையாளரைக் கேட்பேன். காசை முன்கூட்டியே வாங்குவார்களா, பாவித்த பிறகா என்பது அடுத்தது. கையில் காசு புரளாத கடைக்கு இது தள்ளுபடியைவிடப் பெரிய விஷயம். ஒப்பந்தம் முடியும் நாள் எது, சும்மா விட்டால் அது தானாக நீளுமா என்பதையும் எழுத்தில் வாங்குவேன். பழைய பாக்கி என்று சொல்லி 16 மாதத்துக்கு அப்பால் பின்னோக்கிப் போய்ப் பில் போடக் கூடாது என்று இப்போது விதி உண்டு. ஆனால் தவறு உங்கள் பக்கம் என்றால் அந்த விதி கைகொடுக்காது. மீட்டர் மூடியில் பூசணிக்காய்ப் பெட்டி வைப்பது யார் பக்கத் தவறு என்று சொல்லத் தேவையில்லை. ரோட்டில் குழாய் வெடித்தால் மட்டும் விற்பனையாளரைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மொத்த நிறுவனத்தின் அவசர இலக்கத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ஹரோ அண்ணை கடைசியில் மாறினார். 323 கனமீட்டர் நிலுவையைப் பழைய இடத்திலேயே தவணையில் கட்டி முடித்து, உண்மையான வாசிப்போடு மாறினார். விலையில் கிடைத்த லாபம் வருடத்துக்கு 35 பவுண். அதை அவர் மனைவியிடம் சொன்னபோது அக்கா, "ரெண்டு பெட்டி வெண்டிக்காய் வாங்கலாம்" என்றா.

போன மாதம் வரிக் கணக்கு எடுக்கப் போயிருந்தேன். மரக்கறிப் பெட்டிகள் வாசலின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டன. மூடிக்கு மேல் மஞ்சள் பெயின்ற் அடித்திருந்தார்கள். உள்ளே கல்லாவுக்கு மேலே தொங்கும் கோயில் கலண்டரில், ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதிக் கட்டத்துக்குள் பேனையால் ஒரு எண். மகளின் கையெழுத்து. ஒரு மாதம் மட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது.

"பெப்ரவரிக்கு என்ன நடந்தது அண்ணை?"

"ஸ்னோ தம்பி. மூடி உறைஞ்சுபோச்சு, சுடுதண்ணி ஊத்தியும் அசையேல்லை."

ஜனவரி எண்ணையும் மார்ச் எண்ணையும் எடுத்து, நடுவே இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டேன். தேத்தண்ணி வந்தது.